செவ்வாய்க்கு இரட்டை, போயாவுக்கு மென்மை: கிளாசிக் ரொக் இணைய வானொலிக்கு நாளுக்கொரு தொனிப்பொருள் அமைக்கும் முறை

தொனிப்பொருள் நாட்களோடு தொடங்கும் இணைய வானொலிகள் பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும். முதல் வாரம் எல்லோரும் பாராட்டுவார்கள். இரண்டாம் வாரம் அதே பாட்டுகள் ஒழுங்கு மாறி வரும். மூன்றாம் வாரம், 'புதன்கிழமையா, அப்படியென்றால் இந்தப் பாட்டுத்தான் வரும்' என்று கேட்பவரே சொல்லிவிடுவார். பாட்டை எண்ணிப் பார்க்காமல் நாளுக்குப் பெயர் வைத்ததன் விளைவு இது. ஆகவே பெயரைக் கடைசியில் யோசிப்போம், முதலில் கணக்கு.

கிளாசிக் ரொக் பாட்டொன்றின் சராசரி நீளத்தை நாலரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணித்தியாலத்தில் அறிவிப்புக்கும், நிலையத்தின் பெயர் சொல்லும் சிறு ஒலித்துண்டான ஜிங்கிளுக்கும் மூன்று நிமிடம் போனால் மிச்சம் 57 நிமிடம், அதாவது பன்னிரண்டு பாட்டுச் சொச்சம். நாள் முழுவதும் ஒரே தொனிப்பொருள் என்றால் 300 பாட்டு வேண்டும். ஒரு மாதத்துக்கு எதுவும் திரும்ப வரக்கூடாது என்றால் வாரத்தின் ஒரு நாளுக்கு மட்டும் 1,200. ஏழு நாளுக்கும் சேர்த்து 8,400. கையிருப்பில் அவ்வளவு பாட்டு இருக்கலாம், ஆனால் தொனிப்பொருளுக்குப் பொருந்தும் நல்ல பாட்டாக இருக்காது. ஆகவே நாள் முழுவதையும் தொனிப்பொருளுக்குக் கொடுக்காதீர்கள். நான்கு மணித்தியாலத் தொகுதி ஒன்று போதும். அதற்கு ஏறத்தாழ 50 பாட்டு, நான்கு வாரம் திரும்ப வராமலிருக்க 200 பாட்டு. ஒரு தொனிப்பொருளுக்கு 200 பாட்டு தேறவில்லையா, அதை வாராந்த இடத்திலிருந்து எடுத்து மாதம் ஒருமுறை ஒரு மணித்தியால நிகழ்ச்சியாக்குங்கள். அதற்குப் பன்னிரண்டு பாட்டே போதும்.

ஏழு நாளுக்கு 1,400 பாட்டு, மற்ற நேரங்களுக்கான பொதுப் பட்டியலுக்கு இன்னும் 600. இந்த 2,000 பாட்டும் 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக இருந்தால் ஏறத்தாழ 22 ஜிபி இடம் பிடிக்கும். 40 ஜிபி வட்டு உள்ள சிறிய வாடகைச் சேர்வர் தாராளம்.

எந்த நாளுக்கு எது

நல்ல தொனிப்பொருளுக்கு ஒரு சோதனை உண்டு. இடையில் வந்து சேர்ந்த ஒருவர் மூன்று பாட்டுக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும், ஜிங்கிள் கேட்காமலே. 'கிட்டார் வெள்ளி' இந்தச் சோதனையில் விழுந்துவிடும். ரொக் இசையில் கிட்டார் இல்லாத பாட்டைத் தேடுவதுதான் கஷ்டம். அதையே 'இரட்டைக் கிட்டார்' என்று இறுக்கினால் உயிர் வந்துவிடும். விஷ்போன் ஆஷ், தின் லிஸி, ஓல்மன் பிரதர்ஸ் என இரண்டு கிட்டார்கள் சேர்ந்து மெட்டை இழுக்கும் குழுக்கள் வரிசையாக வரும்போது காது தானாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் 200 பாட்டு தேறாது. மாதத்தின் கடைசி வெள்ளிக்கு வைக்கலாம்.

இலங்கை வானொலியோடு வளர்ந்த காதுகளுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. தமிழ்ச் சேவையில் 'பொங்கும் பூம்புனல்' என்றால் காலை, 'இரவின் மடியில்' என்றால் இரவு. பெயரைச் சொன்னாலே பாட்டின் குணமும் நேரமும் விளங்கிவிடும். உங்கள் ஏழு பெயர்களும் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

திங்கள் 'முதல் தட்டு'. ஒவ்வொரு குழுவின் முதல் அல்பத்திலிருந்து பாட்டுகள். லெட் செப்பெலின் 1969, பிளாக் சபத் 1970, பொஸ்டன் 1976, டயர் ஸ்ட்ரெய்ட்ஸ், வான் ஹேலன் இரண்டும் 1978 என்று எழுதத் தொடங்கினால் எழுபது குழுக்கள் இலகுவாகச் சேரும். ஒவ்வொன்றிலும் மூன்று பாட்டு எடுத்தால் 210. கணக்கும் சரி, வாரத் தொடக்கத்துக்குப் பெயரும் பொருத்தம்.

செவ்வாய் இரட்டை. ஒரே கலைஞரின் இரண்டு பாட்டு அடுத்தடுத்து. அமெரிக்க ரொக் நிலையங்களில் பல காலமாக இருக்கும் வழக்கம் இது. செய்வதுதான் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் தானியங்கி மென்பொருள்கள் ஒரே கலைஞரை அடுத்தடுத்து வரவிடாமல் தடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அந்தத் தடையை நிறுத்தினால் ஜோடி மட்டுமல்ல, நாலு பாட்டும் ஒருவருடையதாக ஓடிவிடும். வழி: இந்த நாளுக்குக் கலைத்துப் போடுவதை நிறுத்திவிட்டு, 25 ஜோடிகளைக் கையால் வரிசைப்படுத்திய நிலையான பட்டியலாக வைப்பது. ஜோடிக்குள் அதிகம் கேட்காத பாட்டை முதலிலும் பிரபலமானதை இரண்டாவதாகவும் வையுங்கள். தலைகீழாக வைத்தால் பிரபலமான பாட்டு முடிந்தவுடன் ஆள் போய்விடுவார். இரண்டு பாட்டும் வேறு வேறு அல்பங்களிலிருந்து வருவது நல்லது.

புதன்கிழமைக்கு ஒரு வருடம். இந்தப் புதன் 1967, அடுத்த புதன் 1978 என்று 1965 முதல் 1984 வரை போனால் இருபது புதன்களுக்குப் பஞ்சமில்லை. இதற்கு 200 கணக்குப் பொருந்தாது, ஒவ்வொரு வருடத்துக்கும் 50 பாட்டே வேண்டும். வருடங்களை வரிசையாக விடாமல் தாவித் தாவிப் போங்கள். 1966ஐ அடுத்து 1967 வந்தால் வித்தியாசம் தெரியாது. 1966ஐ அடுத்து 1980 வந்தால் ஒலிப்பதிவே வேறு உலகமாகக் கேட்கும்.

வியாழன் மேடை. ஓல்மன் பிரதர்ஸ் 1971 மார்ச்சில் ஃபில்மோர் ஈஸ்ட்டில் பதிந்தது, டீப் பர்ப்பிள் 1972 ஓகஸ்டில் ஒசாக்காவிலும் டோக்கியோவிலும் பதிந்தது, சீப் ட்ரிக் 1978 ஏப்ரலில் ஜப்பானில் பதிந்தது என்று எழுபதுகள் முழுக்க மேடைப் பதிவுகள் கொட்டிக் கிடக்கின்றன. பிரச்சினை தொடக்கமும் முடிவும்தான். ஒரு பதிவின் கைதட்டல் அடுத்த பதிவின் கைதட்டலோடு கலந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மழை பெய்வது போலக் கேட்கும். ஒவ்வொரு ட்ராக்குக்கும் தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி குறித்து, கைதட்டலை நாலைந்து வினாடிக்குள் கட்டுப்படுத்துங்கள். பாட்டுக்கு முன்னால் பாடகர் பேசும் பேச்சு அரை நிமிடத்துக்கு மேல் போனால் வெட்டுங்கள், அது பாட்டை விடப் புகழ் பெற்ற பேச்சாக இருந்தாலொழிய.

வெள்ளி 'அசலும் நகலும்': ஒரு பாட்டின் மூலப் பதிவு, உடனே வேறொரு குழு அதைப் பாடியது. இதையும் கையால் ஜோடி சேர்க்க வேண்டும். தலைப்பு ஒன்றாக இருப்பதால் மென்பொருள் இதையும் தடுக்கும். சனி நேயர் விருப்பம். ஞாயிறு மின்சாரம் குறைந்த பாட்டுகள், அக்கூஸ்டிக் கிட்டாரும் பியானோவும்.

தேதி சார்ந்தவற்றை இவற்றின் மேல் ஒரு மணித்தியாலமாகத் தூவலாம். ஜனவரி 30: பீட்டில்ஸ் 1969இல் லண்டனில் மொட்டைமாடியில் வாசித்த நாள். ஜூலை 13: 1985இன் லைவ் எய்ட். ஓகஸ்ட் 15: 1969 வூட்ஸ்டொக் தொடங்கிய நாள். நவம்பர் 27: ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பிறந்த நாள், 1942. நம் காதுக்கு நெருக்கமானது ஓகஸ்ட் 1. 1971இல் அன்றுதான் ஜோர்ஜ் ஹரிசனும் ரவிசங்கரும் நியூயோர்க்கில் பங்களாதேஷுக்காக நிகழ்ச்சி நடத்தினார்கள். சிதார் ஏறிய ரொக் பாட்டுகளை அன்று ஒரு மணித்தியாலம் போடலாம். அந்த மேடையில் ரவிசங்கர் குழு சுருதி சேர்த்ததையே கச்சேரி என்று நினைத்து சனம் கைதட்டியது தனிக் கதை. அந்தக் கைதட்டலை மட்டும் வெட்டாதீர்கள்.

பௌர்ணமி விடுமுறையான போயா எந்தக் கிழமையிலும் வரும், வருடத்துக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ முறை. வீதி அடங்கியிருக்கும் நாளில் டபுள் பாஸ் டிரம் அடிக்கத் தேவையில்லை. ஞாயிறுப் பட்டியலை நீட்டி 'போயா மென்மை' என்று ஒன்று வைத்தால் கொழும்பு நேயருக்கு உடனே புரியும், டொரொண்டோவில் இருப்பவருக்கு ஊர் ஞாபகம் வரும்.

வருடம் என்ற பொய்

புதன்கிழமைத் தொனிப்பொருளைக் கெடுப்பது கோப்பில் எழுதப்பட்டிருக்கும் வருடம். 1971இல் வந்த பாட்டு, 2011இல் மறுசீரமைத்த சீடியிலிருந்து எடுக்கப்பட்டால் கோப்பு 2011 என்று சொல்லும். மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் என்ற இலவச மென்பொருள் கோப்புகளை அடையாளம் கண்டு முதல் வெளியீட்டுத் தேதியைக் கோப்புக்குள் தனிக் குறிச்சொல்லாக (டேக்) எழுதித் தரும். பட்டியலை அந்தக் குறிச்சொல்லை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் பிக்கார்டும் ஓர் இடத்தில் சறுக்கும். அது எழுதுவது அந்த அல்பத்தின் முதல் வெளியீட்டுத் தேதியை. 'சிறந்த பாடல்கள்' தொகுப்பிலிருந்து எடுத்த கோப்பென்றால் அந்தத் தொகுப்பு முதலில் வந்த வருடமே வரும், அது தொண்ணூறுகளாகக் கூட இருக்கலாம். தொகுப்புகளிலிருந்து வந்த ஒவ்வொரு கோப்பையும் கையால் திருத்த வேண்டும். வேறு வழியில்லை.

கலைஞர் பெயரிலும் கவனம் வேண்டும். ஒரே குழு மூன்று எழுத்துக்கூட்டலில் இருந்தால் மென்பொருளுக்கு அது மூன்று குழு. இடைவெளி விதி வேலை செய்யாது, அரை மணித்தியாலத்தில் அவர்களே மூன்று முறை வருவார்கள். குழுவிலிருந்து பிரிந்து தனியாகப் பாடியவர்களையும் கவனியுங்கள். பீட்டில்ஸ், அடுத்து ஹரிசன், அடுத்து லெனன் என்று வந்தால் பெயர் மூன்று, குரல் ஒரு வீட்டுக் குரல். குறிச்சொற்களில் 'குழுமம்' என்ற புலம் சும்மா கிடக்கும். அதில் ஒரு பொதுப் பெயர் எழுதி வைத்தால் பட்டியல் தயாரிக்கும்போது பிரித்துப் போடலாம்.

தமிழில் பாட்டு விபரம் காட்ட ஆசை வரும். ஒலியை நேயர்களுக்கு அனுப்பும் ஐஸ்காஸ்ட் சேர்வர் எம்பி3 ஓடைகளில் (ஸ்ட்ரீம்) வரும் விபரத்தை லத்தீன் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். அமைப்புக் கோப்பில் அந்த ஓடைக்கு யூடிஎஃப்-8 என்று குறிப்பிடாவிட்டால் தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரியும். அதைச் சரிசெய்தாலும் பல கார் வானொலிகளில் வெறும் கட்டங்களே வரும். கலைஞர், பாட்டுப் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே விட்டுவிட்டு, தமிழை ஜிங்கிளில் வைத்துக்கொள்வது புத்தி.

நேர அட்டவணை

இதில்தான் அதிகம் பிழை வரும், ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

முதற் பிழை: சேர்வரின் கடிகாரம். வாடகைச் சேர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் வரும். கொழும்பு அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே. நேர வலயத்தை மாற்றாமல் 'நள்ளிரவு 12 மணிக்குப் புதிய நாள்' என்று வைத்தால் செவ்வாய் இரட்டை புதன்கிழமை விடிய 5.30 வரை ஓடும். அசூராகாஸ்ட் என்ற நிலைய மேலாண்மை மென்பொருள் பாவிப்பவர்கள் நிலையத்தின் அமைப்புப் பக்கத்தில் வலயத்தை ஆசியா/கொழும்பு என்று மாற்ற வேண்டும். பட்டியல்களை ஓட்டும் லிக்விட்சோப் என்ற மென்பொருளைத் தனியாக ஓட்டுபவர்கள் சேர்வரின் வலயத்தை மாற்ற வேண்டும். கொண்டெய்னர் எனும் தனி மென்பொருள் பெட்டிக்குள் ஓடினால் அதற்குள்ளும் மாற்றுங்கள், வெளியே மாற்றியது உள்ளே தானாகப் போகாது.

இரண்டாவது: நள்ளிரவைத் தாண்டும் தொகுதி. லிக்விட்சோப்பில் திங்கள் 1, ஞாயிறு 7 அல்லது 0. வெள்ளி இரவு 10 முதல் 2 வரை ஒரு நிகழ்ச்சி வேண்டும் என்று '5ஆம் கிழமை, 22 முதல் 2' என்று எழுதுவார்கள். அது வெள்ளி அதிகாலை 12 முதல் 2 வரை ஒரு துண்டும், வெள்ளி இரவு 10 முதல் 12 வரை இன்னொரு துண்டுமாக ஓடும். சனி அதிகாலை வெறுமை. சரியான முறை இரண்டாக எழுதுவது: வெள்ளி 22 முதல் 24, சனி 0 முதல் 2.

மூன்றாவது: பட்டியல்களின் முன்னுரிமை. லிக்விட்சோப்பின் தேர்வு வரிசையில் மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்தும் பட்டியலே ஓடும். ஆகவே போயாவும் தேதி நிகழ்ச்சிகளும் உச்சியில், கிழமைப் பட்டியல்கள் நடுவில், நிபந்தனை இல்லாத பொதுப் பட்டியல் அடியில். அடியில் எதுவும் இல்லாவிட்டால் பொருந்தாத நேரத்தில் மௌனம்தான். அசூராகாஸ்டில் ஒரே நேரத்துக்கு இரண்டு பட்டியல் அட்டவணையிடப்பட்டிருந்தால் அவை கலந்து வரலாம். போயாவன்று அன்றைய கிழமைப் பட்டியலை நிறுத்திவைப்பதே பாதுகாப்பு. வருடத் தொடக்கத்திலேயே போயாத் தேதிகளை எல்லாம் உள்ளிட்டு முடியுங்கள்.

நான்காவது: நீளப் பாட்டு. இயல்பாக மென்பொருள் ஓடும் பாட்டு முடியும்வரை காத்திருந்தே மாறும். 6.58க்கு 17 நிமிடப் பாட்டொன்று தொடங்கினால் உங்கள் 7 மணி 7.15க்குத்தான் பிறக்கும். பாட்டை நடுவில் வெட்டி மாறும்படியும் அமைக்கலாம், ஆனால் ரொக் நேயர் கிட்டார் தனி ஆவர்த்தனத்தை வெட்டியவரை மன்னிக்கமாட்டார். தொகுதிக்கு முந்திய அரை மணித்தியாலத்துக்கு மட்டும் ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத பாட்டுகள் உள்ள தனிப் பட்டியல் ஒன்றை ஓடவிட்டால் பிரச்சினை தீரும்.

எந்த நேரம்? கொழும்பில் இரவு 7 முதல் 11 நல்ல நேரம். லண்டனில் அப்போது கோடையில் பிற்பகல் 2.30 முதல் 6.30 வரை, குளிர்காலத்தில் ஒரு மணித்தியாலம் முன்னதாக. வேலைத்தளத்தில் காதில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். டொரொண்டோவில் அது காலை. அதே தொகுதியை மறுநாள் கொழும்பு நேரம் காலை 6 முதல் 10 வரை மறுஒலிபரப்புங்கள். செவ்வாய் இரட்டை நமக்குப் புதன் காலையில் வரும், ஆனால் டொரொண்டோவில் அப்போது கோடையில் செவ்வாய் இரவு 8.30. கிழமைப் பெயர் அங்கே பிழையாகாது. மெல்பேர்னில் புதன் முற்பகல் ஆகிவிடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இதற்காகவே ஜிங்கிளில் 'இன்று செவ்வாய்' என்று சொல்லக்கூடாது. 'செவ்வாய் இரட்டை' என்ற பெயரை மட்டும் சொல்லுங்கள். நம்மிடம் கோடை நேர மாற்றம் இல்லை, அவர்களிடம் உண்டு. அறிவிக்கும்போது கொழும்பு நேரத்தை முதலில் எழுதுங்கள்.

சத்தமும் ஜிங்கிளும்

எண்பதுகளில் வந்த சீடியும் அதே அல்பத்தின் பிந்திய மறுசீரமைப்பும் ஒலியளவில் எட்டு டெசிபல் வரை வேறுபடும். நேயர் ஒவ்வொரு பாட்டுக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் மூன்றாவது முறை நிறுத்திவிடுவார். எல்லாக் கோப்புகளுக்கும் ரீப்ளேகெய்ன் (ஒலியளவைச் சமப்படுத்த உதவும் மதிப்பு) கணக்கிட்டு, பாட்டு அளவு என்ற மதிப்பைப் பாவியுங்கள். அல்பம் அளவு என்பது முழு அல்பத்தையும் தொடர்ந்து போடுபவர்களுக்கானது. மேடைப் பதிவுகளில் கைதட்டலும் கணக்கில் சேர்வதால் அளவு கொஞ்சம் பிசகும், வியாழன் பட்டியலை ஒருமுறை காதால் கேட்டுத் திருத்துங்கள்.

பாட்டுக்குப் பாட்டு கலக்கும் நேரம் இரண்டு முதல் மூன்று வினாடி. அதிகமானால் மெல்ல அடங்கும் பாட்டுகளின் வாலை அடுத்த பாட்டின் டிரம் தின்றுவிடும். அல்பத்தில் அடுத்த பாட்டோடு ஒட்டியே பதியப்பட்டவை தனியாக வரும்போது கத்தரித்தது போல முடியும். அவற்றுக்குக் கடைசி மூன்று வினாடியைக் கையால் அடக்கி விடுங்கள்.

ஜிங்கிள் எட்டு முதல் பன்னிரண்டு வினாடி. ஒவ்வொரு நாளுக்கும் குறைந்தது மூன்று வேண்டும், ஒன்றையே வைத்தால் நாலு மணித்தியாலத்தில் பன்னிரண்டு முறை கேட்டு வெறுத்துவிடும். நாலு பாட்டுக்கு ஒன்று போதும். நிலையத்தின் பெயர், நாளின் பெயர், ஒரு வரிக் குறிப்பு, அவ்வளவுதான். நல்ல ஒலிவாங்கியை விட நல்ல நேரம் முக்கியம். காலி வீதியின் ஹோர்னும், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் என்றால் கரையோர ரயிலும் பதிவுக்குள் ஏறிவிடும். கடைசி ரயில் போன பிறகு, மின்விசிறியை நிறுத்தி, துணி அலுமாரியைத் திறந்துவைத்து அதன் முன்னால் நின்று பேசுங்கள். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் தூரத்து வாகன இரைச்சல் குறையும். குரல் பாட்டை விட ஒரு டெசிபல் தூக்கலாக இருந்தால் நல்லது.

இலவசம் யாருக்கு

கேட்பவருக்கு இலவசம் என்பதால் நிலையத்துக்கும் பாட்டு இலவசம் ஆகாது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டை எழுதியவரையும் பதிவு செய்தவரையும் பாதுகாக்கிறது. பாட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை. இரண்டுக்கும் அனுமதி வேண்டும். நேயர் இருக்கும் நாட்டின் சட்டமும் சேர்ந்து வரும். சில ஒலிபரப்பு வழங்கிகள் உரிமக் கட்டணத்தையும் சேர்த்தே விற்கின்றன. எந்தெந்த நாட்டு நேயர்களுக்கு அது செல்லும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் இல்லாத நாடுகளைத் தடுத்துவிடுங்கள்.

அமெரிக்க நேயருக்கான சட்டபூர்வ உரிமம் தொனிப்பொருளின் கழுத்தைப் பிடிப்பது இங்கேதான். எந்த மூன்று மணித்தியாலத்திலும் ஒரே அல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்கு மேல் கூடாது, அதிலும் இரண்டுக்கு மேல் அடுத்தடுத்து கூடாது. ஒரே கலைஞர் என்றால் நான்கு, அடுத்தடுத்து மூன்று. ஆகவே 'இன்று முழு அல்பம்', 'நாள் முழுக்க ஹென்ட்ரிக்ஸ்' இரண்டும் அந்த உரிமத்தின் கீழ் முடியாது. பிறந்தநாள் என்றால் அவருடைய நான்கு பாட்டு, மிச்சம் அவரிடம் கற்றவர்களும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களும். உண்மையில் இது நல்ல நிகழ்ச்சிக்கே வழி விடுகிறது. எந்தப் பாட்டு எப்போது வரும் என்று முன்கூட்டிப் பட்டியல் வெளியிடுவதும் கூடாது. நாளின் பெயரை அறிவிக்கலாம், பாட்டின் பெயரை அல்ல. நேயர் விருப்பத்தைப் பொறுத்தவரை, கேட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் போடும் பாட்டுகளே நிலையத்தின் பெரும்பகுதியாக இருக்கக்கூடாது. வாரத்தில் நாலு மணித்தியாலம் அந்த எல்லையைத் தொடாது. திங்கள் முதல் வெள்ளி வரை வாட்ஸ்அப்பில் விருப்பங்களைச் சேர்த்து, ஆளுக்கு ஒன்று என்று வைத்துச் சனிக்கிழமை போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேரே முழு நிகழ்ச்சியையும் பிடித்துக்கொள்வார்கள்.

கரண்ட், டேட்டா

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்தவர் இல்லை. வீட்டுக் கணினியிலிருந்து நேராக ஒலிபரப்பும் நிலையம் கரண்டோடு சாகும். பாட்டும் தானியங்கியும் வாடகைச் சேர்வரில் இருக்கட்டும். வீட்டிலிருந்து போவது நேரடி நிகழ்ச்சி மட்டும், அது அறுந்தால் பட்டியலுக்குத் தானாகத் திரும்பும்படி அமையுங்கள். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் சிறிய யூபிஎஸ் ஒன்று போதும்.

128 கேபிபிஎஸ் ஓடை ஒரு நேயருக்கு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 58 எம்பி. சராசரி 50 பேர் எந்நேரமும் இருந்தால் மாதத்துக்கு 2 டிபிக்குக் கொஞ்சம் மேலே. கைபேசி டேட்டாவில் கேட்பவருக்கு 64 கேபிபிஎஸ் ஏஏசி ஓடை ஒன்றைத் தனியாகக் கொடுங்கள். செலவு பாதி, பஸ்ஸில் அறுவதும் குறையும்.

எதை நிறுத்துவது

தொடங்கிய தொனிப்பொருளுக்கு நான்கு வாரம் கைவைக்காதீர்கள். பிறகு, அதே கிழமை அதே நேரத்தின் எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். செவ்வாயை ஞாயிறோடு ஒப்பிட்டால் விடுமுறையைத்தான் அளப்பீர்கள். நேயர் எண்ணிக்கையை விட, ஒருவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதே கவனிக்க வேண்டியது. ஒரு குறிப்பிட்ட பாட்டில் திரும்பத் திரும்ப ஆட்கள் வெளியேறினால் அந்தப் பாட்டை எடுங்கள். தொகுதி தொடங்கி முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியேறினால் பெயருக்கும் பாட்டுக்கும் பொருத்தமில்லை. மூன்றாம் மணித்தியாலத்தில் என்றால் தொகுதி நீளம், அதை மூன்று மணித்தியாலமாகக் குறைத்துப் பாருங்கள். நேயரின் கருவி பல வினாடி பிந்தியே ஒலிக்கும் என்பதால் வெளியேறிய நேரத்தைப் பாட்டோடு பொருத்தும்போது அரை நிமிடம் வரை விட்டுக்கொடுங்கள்.

ஒரு நாளை நிறுத்தும்போது பட்டியலோடு அதன் ஜிங்கிள்களையும் நிறுத்துங்கள். அவை வேறு பட்டியலில் கிடந்தால், முதல் தட்டு ஓடிக்கொண்டிருக்கும் திங்கள் இரவில், போன மாதம் நிறுத்திய நிகழ்ச்சியின் பெயரை உங்கள் குரலே அறிவித்துக்கொண்டிருக்கும்.